கார்டன் ரீச்சுக்கு மொழிபெயர்க்கப் போன நான்கு நாட்கள்

மனநோய் சிகிச்சைக்காக வீட்டு மனிதரைக் கொல்கத்தாவுக்கு அழைத்துப் போக வேண்டும், எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று சென்ற பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம். அன்றைய கட்டணங்களை இன்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். அந்தப் பயணத்தில் நான் செய்த தப்பை இன்றைக்கும் படித்த மனிதர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

என் அண்ணன் கல்கத்தாவில் ஆற்றங்கரையோரம் இருக்கும் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணமான மூன்றாம் வருடம் அவருக்கு நோய் வந்தது. காதில் யாரோ பேசுவார்கள், சோற்றில் விஷம் இருக்கும், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரன் படம் பிடிப்பான். மாத்திரை கொடுத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பிறகு துப்பிவிடுவார். குழந்தை கிடையாது. அண்ணி செண்பகம் தனியாக எட்டு வருடம் சமாளித்திருந்தார்.

அண்ணியின் கடிதம் வந்தது. தெற்குக் கல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது, இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்னென்ன கஷ்டம் என்று கேட்கிறார்கள். தாய்மொழியில்தான் பதில் சொல்ல வேண்டுமாம், அண்ணி கடைத்தெருவில் பேசுகிற வங்காள மொழி போதாதாம். தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். எனக்கென்ன கசக்குமா? ரயில் நாட்கள் போக நான்கு நாள் தங்கும்படி லீவு சொல்லிவிட்டுப் பெருமையாகவே கிளம்பினேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து ஹௌராவுக்கு மெயிலில் 1,663 கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். இரண்டாம் வகுப்பு டிக்கெட் அறுபத்தெட்டு ரூபாய் என்று நினைவு. விஜயவாடாவில் வாங்கிய தயிர்சாதம் புளித்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு வால்டேரில் (இப்போது விசாகப்பட்டினம்) டீ தவிர எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு, ஒன்றே கால் மணி நேரத் தாமதத்தோடு, கொட்டும் மழையில் இறங்கினேன்.

டாக்ஸி வரிசையில் நாற்பது நிமிடம். டிரைவர் பீகார்க்காரர். "கார்டன் ரீச்சா? அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது பாபு, மீட்டருக்கு மேல் இரண்டு ரூபாய் கொடுங்கள்" என்று இந்தியில் சொன்னார். ஹௌராவிலிருந்து சுமார் பதினொரு கிலோமீட்டர், மொத்தம் பதினாறு ரூபாய் ஆனது. கிதர்பூர் தாண்டியதும் அவர் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. கடைசி இரண்டு தெருக்களைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

குவார்ட்டர்ஸ் இரண்டாம் மாடியில். அண்ணி கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், பார்க்க ஐம்பது சொல்லலாம். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "உன்னை யாரு அனுப்பினா?" என்று மட்டும் கேட்டார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அண்ணனின் தட்டிலிருந்து சோறு, குழம்பு, பொரியல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து அண்ணி முதலில் தின்றுகாட்டினார். அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் காத்திருந்தார். அண்ணி சாகவில்லை என்று உறுதியான பிறகு ஆறிப்போன சோற்றில் கை வைத்தார். தினமும் இரண்டு வேளை இப்படித்தானாம்.

ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. முதல் நாளே கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், அண்ணி மாஷிமா என்று கூப்பிடுகிறவர், அண்ணனுக்குக் காவல் இருக்க ஒப்புக்கொண்டார். கார்டன் ரீச்சிலிருந்து கிதர்பூருக்குப் பஸ், முப்பது பைசா. அங்கிருந்து காளிகாட்டுக்கு டிராம், இரண்டாம் வகுப்பில் இருபது பைசா. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளங்களில் மழைத்தண்ணீர் ரொம்பி, எது ரோடு எது குழி என்று தெரியாமல் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் பன்னிரண்டரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அந்நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அங்கே அதை லோட்ஷெடிங் என்பார்கள், யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள்.

டாக்டர் இளவயது வங்காளி. மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, ஒரு படிவத்தைப் பிரித்தார். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். கஷ்டமே இல்லையென்றால் பூஜ்யம், கொஞ்சம் என்றால் ஒன்று, அதிகம் என்றால் இரண்டு. அவர் இங்கிலீஷில் கேட்பார், நான் தமிழில் கேட்டு, பதிலை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மதிப்பெண் எதற்கென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் கேள்வி தூக்கத்தைப் பற்றி.

"எங்க தம்பி தூங்கறது? கதவத் தெறந்துகிட்டு ஆத்தங்கரைக்குப் போயிடுவாரு. வாசப்படியில சாஞ்சு உக்காந்துகிட்டே இருப்பேன். விடியக்காலம் கொஞ்சம் கண்ணசரும், அவ்வளவுதான்" என்றார் அண்ணி.

சில நாள் தூக்கம் கெடும் என்கிறார் என்று டாக்டரிடம் சொன்னேன்.

அடிப்பாரா என்று அடுத்த கேள்வி. "அடிப்பாரு. போன மாசம் தோசத்திருப்பியால அடிச்சது, இந்தத் தோள இன்னும் தூக்க முடியல."

கோபம் வருவதுண்டு, ஆனால் கட்டுப்படுத்திக்கொள்வார் என்றேன்.

இப்படியே போயிற்று. பதினெட்டாவது கேள்வி, இந்த மனிதர் இல்லாமல் போனால் தேவலை என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா என்பது. நான் தமிழில் கேட்டதும் அண்ணி முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லலாமா தம்பி?"

"சொல்லுங்க அண்ணி."

"நெனச்சிருக்கேன். ஒரு நாள் இல்ல, நெறைய நாள். அப்பறம் அடுப்பங்கரையில நின்னுகிட்டு என்னையே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கும்."

இல்லை, அப்படி ஒருபோதும் நினைத்ததில்லை என்கிறார் என்று நான் சொன்னேன். டாக்டர் பூஜ்யம் போட்டார்.

ஏன் சொன்னேன்? அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் ஒரு டாக்டரின் பீரோவில் கிடக்கும் காகிதம் திருச்சிக்கு நடந்து வந்து என் கல்யாணத்தைக் கெடுக்கும் என்று பயந்தேன் என்றால் நம்புவீர்களா? நோய் இன்னதென்று ஆபீசுக்குத் தெரிந்தால் அண்ணன் வேலை போய்விடும் என்றும் பயந்தேன், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வெட்கம். நம் வீட்டுச் சங்கதியை வெளி ஆளிடம், அதுவும் நல்ல இங்கிலீஷில், என் வாயால் சொல்ல எனக்குக் கூசியது. குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே வெளியே வந்தேன். என்னைப் போல ஒரு முட்டாளைப் பார்க்க முடியாது.

திரும்பும்போது டிராமில் கூட்டமில்லை. பாதி வழி வந்ததும் அண்ணி கேட்டார்.

"நான் அவ்வளவு சொன்னேன். அந்த டாக்டர் வரிசையா முட்டை போட்டுகிட்டே வந்தாரே தம்பி, ஏன்?"

நான் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நர்சு ரெண்டே பேருதான் இருக்காங்களாம். மார்க்கு அதிகமா வர்ற வீட்டுக்குத்தான் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ வந்து ஊசி போடுவாங்களாம். மாஷிமா தங்கச்சி வீட்டுக்கு அப்படித்தான் வர்றாங்க. ஊசின்னா துப்ப முடியாதுல்ல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்" என்றார்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அண்ணி எழுதின கடிதத்தில் இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று அப்போதும் அவர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்கு முன் அண்ணன் வாங்கிப் படித்துவிடுவார் என்பது எனக்கு உறைக்க இன்னும் ஒரு கிலோமீட்டர் ஆயிற்று.

மூன்றாம் நாள் காலை நான் மட்டும் ஓடினேன். டாக்டரிடம், நேற்று நான் சரியாகச் சொல்லவில்லை, திருத்திக்கொள்ளுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நேற்று ஒன்று சொன்னீர்கள், இன்று ஒன்று சொல்கிறீர்கள். நான் எதை எழுதுவது? படிவத்துக்கு எண் போட்டாயிற்று. ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்போம், அப்போது வாருங்கள். அதுவரை மாத்திரை தருகிறேன்" என்றார். மாத்திரை! வாங்கிக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய? நான்காம் நாள் ரயில் ஏறிவிட்டேன். லீவு அவ்வளவுதான்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆவணி, புரட்டாசியில் போகாதீர்கள், மழை. துர்கா பூஜை நேரத்தில் வெளிநோயாளிப் பிரிவுகளில் ஆளே இருக்காது. மெட்ரோ வந்துவிட்டதால் காளிகாட் பக்கம் போவது இப்போது சிரமமில்லை. நோயாளியின் பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் வேலை முடியும் என்று திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் டாக்டரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அவரும் பாதி நோயாளிதான். எல்லாவற்றையும்விட முக்கியம், மொழிபெயர்க்கச் சொந்தக்காரனைக் கூட்டிப் போகாதீர்கள். ஓட்டல்காரர், கடைக்காரர், யாரோ ஒரு தமிழ் தெரிந்த அந்நியர் போதும். அந்நியருக்கு உங்கள் மானத்தைப் பற்றிக் கவலையில்லை.

பங்குனியில் அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதம் முடிந்து மறுபடி கேட்டார்களாம். இந்த முறை காளிகாட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவரை அழைத்துப் போனாராம், அவர் அண்ணி சொன்னதைச் சொன்னபடியே சொன்னாராம். இப்போது ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் நர்ஸ் வருகிறார். ஊசி இரண்டு போட்டாயிற்று, தட்டில் வைத்ததை அண்ணன் உடனே சாப்பிடுகிறார். அதற்குக் கீழே இப்படி இருந்தது: "மார்கழியில் இவர் என் கையைக் கதவிடுக்கில் வைத்து நெரித்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கோணலாகக் கூடிவிட்டதால் இனிமேல் எழுத வராது என்கிறார்கள்."

கடிதம் அண்ணனின் கையெழுத்தில் இருந்தது. அண்ணி சொல்லச் சொல்ல அவர் எழுதியிருக்கிறார், ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல்.