வேதப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த சீட்டு

பிரியமானவர்களே, என் மனைவி ரஞ்சினிக்கு டெங்குக் காய்ச்சல் வந்ததைப் பற்றி நான் சபையில் இரண்டு தடவை சாட்சி சொன்னேன். முதல் தடவை அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அந்த அவசரத்தால் அவளையே இழக்கப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் தையல் மெஷின் திருத்துகிறவன். கடைக்கு வருகிறவர்கள் மெஷினுடைய வருத்தத்தோடு தங்கள் வருத்தத்தையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நானும் லேசில் விடமாட்டேன். எங்கள் பாஸ்டர் அடிக்கடி பகிடி விடுவார்: "பிரதரிட்ட மைக்கைக் குடுக்கிறது சுகம். திருப்பி வாங்கத்தான் உபவாசம் இருக்க வேணும்."

போன வருடம் ஜூன் மாதம், விட்டு விட்டு மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த ரஞ்சினி, "உடம்பை ஆரோ அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு" என்று கட்டிலில் சாய்ந்தாள். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடத்தில் அவள் பகலில் படுத்து நான் கண்டதில்லை. பின்னேரம் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் நோகிறது என்றாள். எங்கள் ஒழுங்கையில் ஏற்கெனவே இரண்டு வீடுகளில் டெங்கு.

புதன்கிழமை காலை, டிஸ்பென்சரி டொக்டர் எழுதிக் கொடுத்தபடி இரத்தம் கொடுத்தோம். டெங்குதான் என்று வந்தது. பிளேட்லெட் கொஞ்சம் இறங்கியிருந்தது, பயப்படுகிற அளவுக்கு இல்லை. டொக்டர் இன்னொரு சீட்டு எழுதினார். "நாளைக்குத் திரும்பவும் இரத்தம் பாருங்க. காய்ச்சல் விட்டாலும் பாருங்க" என்றார். தலையை ஆட்டினேன். ஆனால் 'காய்ச்சல் விட்டாலும்' என்றது என் காதுக்குள் போய்ச் சேரவில்லை.

வீட்டுக்கு வந்தால் ஆளாளுக்கு வைத்தியர். மேல் வீட்டு அக்கா பப்பாசி இலைச் சாறு என்றா. பக்கத்துக் கடை முஸ்லிம் நானா மாதுளம்பழத்தோடு வந்து நின்றார். எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. கடையைத் திறந்தேன், பூட்டினேன், திரும்பத் திறந்தேன். கடைசியில் கடைக்குள்ளேயே முழங்காலில் நின்று ஆண்டவரோடு ஒரு பொருத்தனை பண்ணினேன். "வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு முதல் காய்ச்சலை எடுத்துவிடும். எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று சாட்சி சொல்லுகிறேன்." அப்படிச் சொல்லி, டொக்டரின் சீட்டை மடித்து என் வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

வியாழக்கிழமை விடிய நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. துள்ளினேன்.

"இரத்தம் பார்க்கப் போவமோ?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"காய்ச்சலே இல்லை, இனி என்னத்துக்கு ஊசி? கையைப் பாருங்கோ, உங்கட மெஷின் தைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள்.

எனக்கும் அது வசதியாகப் போயிற்று. சொல்லப்போனால், கர்த்தர் செய்து முடித்ததை லேபில் கொடுத்துச் சரிபார்ப்பதா என்று ஒரு எண்ணம். அதற்குப் பெயர் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அன்று முழுக்க மனம் அடங்கவில்லை. ரஞ்சினி கட்டிலை விட்டு எழும்பவில்லை. கஞ்சியை வாயில் வைத்தவள் சத்தி எடுத்தாள். களைப்புத்தான் என்றாள். சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்த மெஷின் தானாகவே அடங்கிப் போனால் நான் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன். எண்ணெய் வற்றி இறுகப் போகிறதோ என்ற பயம். அப்படிப்பட்டவன், சொந்த மனைவி அடங்கிக் கிடந்தபோது நன்றிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மகள் ஷெரினைத் தாயோடு விட்டுவிட்டுச் சபைக்குப் போனேன். மைக் கைக்கு வந்தது. காய்ச்சல் வந்ததையும் போனதையும் விலாவாரியாகச் சொன்னேன். கைதட்டல், அல்லேலூயா. ஒரு வசனம் வாசித்து முடிக்கலாம் என்று வேதப் புத்தகத்தைத் திறந்தேன். சீட்டு நழுவிக் கீழே விழுந்தது.

அதை எடுத்தது ஷாமினி. ஹட்டனில் இருந்து வேலைக்கு வந்த பிள்ளை. வெள்ளவத்தையில் ஒரு லேபில் இரத்தம் எடுக்கிறவள். இரண்டு வருடமாகச் சபைக்கு வருகிறாள், அன்றுவரை அவளுடைய குரலை நான் கேட்டதில்லை. சீட்டை விரித்துப் பார்த்தாள்.

"அங்கிள், இந்த டெஸ்ட் எடுக்கலியா?"

"தேவைப்படேல்லை பிள்ளை. காய்ச்சல்தான் விட்டிட்டுதே."

"எப்ப விட்டுச்சு?"

"நேற்று விடிய."

"அப்ப இனிமேத்தான் பயம் அங்கிள். டெங்குல காய்ச்சல் விட்ட பொறகுதான் ஆளைச் சாய்க்கும்."

முன் வரிசையில் இருந்த ஒரு சகோதரி திரும்பினா. "என்ன பிள்ளை, சாட்சி நேரத்தில அவிசுவாசமாக் கதைக்கிறீர்?"

ஷாமினி சீட்டோடு எனக்குக் கிட்ட வந்தாள். "அவிசுவாசம் இல்லக்கா. தெனமும் நான்தானே ரத்தம் எடுக்கிறேன், நான் பாக்கிறதைச் சொல்றேன். அங்கிள், ஆன்ட்டி எங்க? போன் போடுங்க. இப்பவே."

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லுகிறேன். என் சாட்சியைக் கெடுத்துவிட்டாளே என்ற கோபம். அதே கோபத்தோடுதான் போனை எடுத்தேன்.

"அப்பா, அம்மா ஒரே நித்திரை" என்றாள் ஷெரின். "கூப்பிட்டா ஓம் எண்டுறா, திரும்பக் கண்ணை மூடுறா. வயிறு நோகுதாம்."

"கை கால் சில்லுன்னு இருக்கா, கேளுங்க" என்றாள் ஷாமினி.

கேட்டேன். "ஓமப்பா, ஐஸ் மாதிரி இருக்கு."

பாஸ்டர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினதுகூட எனக்குத் தெரியாது.

வாசலில் நின்ற திரீவீலில் ஏறினோம். "மல்லி, இக்மனட்ட, இக்மனட்ட" என்று சிங்களத்தில் டிரைவர் தம்பியை அவசரப்படுத்திக்கொண்டே வந்தேன். ஷாமினியும் கூடவே வந்தாள். வீட்டில் இருந்து ரஞ்சினியைத் தூக்கி ஏற்றி நேரே ஆஸ்பத்திரி. இரத்தம் பார்த்தார்கள். பிளேட்லெட் இருபத்துநாலாயிரம். இரத்தத்தில் இருக்கிற நீர் வெளியே கசியத் தொடங்கிவிட்டது, நாளை பின்னேரம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். "இன்னும் ரெண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே அவளுடைய கட்டிலுக்குத் திரும்பினார்.

பெண்கள் வார்ட். என்னை உள்ளே இருக்க விடவில்லை. ஷெரின் உள்ளே இருந்து தாய் குடிக்கிறதையும் சிறுநீர் போகிறதையும் அளந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் வெளியே அந்த நீள விறாந்தையில் நடந்தேன். இருந்தால் பயம், நடந்தால் கொஞ்சம் குறைவு. இவ்வளவு கதைக்கிறவனுக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. ஒன்றுதான் வந்தது. "ஆண்டவரே, நீர் முடிக்க முதல் நான் முடிந்ததென்று சொல்லிப்போட்டேன். என் வாயைப் பாராதேயும். அவளைப் பாரும்."

சனிக்கிழமை பின்னேரம் நோயாளர் பார்க்கிற நேரம் விட்டார்கள். ஓடிப்போய் முதலில் அவளுடைய காலைத்தான் தொட்டேன். சூடாக இருந்தது. கண்ணைத் திறந்தாள்.

"ஏன் அழுறீங்கள்? எனக்குப் பசிக்குது. இடியப்பமும் சொதியும் கிடைக்குமோ?"

என் காதுக்கு அதைவிட இனிமையாக ஒரு பாட்டும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு விட்டார்கள்.

இடையில் திங்கட்கிழமை கடைப் பின்பக்கம் போனேன். கழித்துப் போட்ட மெஷின் மேசைகளின் லாச்சிகளில் மழைத் தண்ணீர் நின்றது. ஒன்றை இழுத்தேன். உள்ளே நுளம்புக் குடம்பிகள் சின்னப் புழுக்களாய் நெளிந்தன. நான் முழங்காலில் நின்று பொருத்தனை பண்ணின இடத்தில் இருந்து நாலடி தூரம். அன்றைக்கே எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவைத்தேன். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்குப் புறப்பட முதல் அந்த வேலை முடிந்திருக்கும்.

மூன்று கிழமை கழித்து ரஞ்சினி சபைக்கு வந்தாள். வழக்கம்போல நான் மைக்குக்குக் கை நீட்டினேன். அவள் முந்திக்கொண்டாள். "இவர் என்னைப் பற்றி முதலே சொல்லிப்போட்டார். நான் இப்பதான் வந்து சேர்ந்திருக்கிறன். ஆண்டவருக்கு நன்றி. ஷாமினிப் பிள்ளைக்கும் நன்றி." அவ்வளவுதான். சபை சிரித்தது, அழுதது. அன்று அவிசுவாசம் என்று சொன்ன சகோதரிதான் ஷாமினியைக் கட்டிப்பிடித்து முதலில் அழுதா. இரண்டாவது சாட்சியாக என் பங்குக்கு ஒரே ஒரு வரி சொன்னேன்: "முதல் சொன்னதுக்கு மன்னியுங்கள்."

நான் காய்ச்சல் விட வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். அவரோ அவளை உயிரோடு வைக்க நினைத்தார். அதற்காக, வாய் திறக்காத ஒரு பிள்ளையின் வாயைத் திறந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்போது ஒருவர் காய்ச்சலோடு படுத்திருக்கலாம். ஜெபியுங்கள், அவர் கேட்கிறார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெபித்துவிட்டு எழும்பி, அந்தச் சீட்டைக் கொண்டுபோய் இரத்தம் கொடுங்கள். காய்ச்சல் விட்டாலும் கொடுங்கள். அந்த வரிசையிலும் அவர் உங்களோடு நிற்பார்.