பாப்பாயியின் காகிதப் பலாச்சுளை

பாப்பாயிக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வணிகர் சங்க மலருக்கு நம் பகுதி மனிதர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதப்பட வேண்டிய ஆள் நான்தான் என்று கடைவீதியில் பலர் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, சைக்கிளில் பலூன் கட்டி விற்று, இன்று மலையடிவாரக் காளப்பநாயக்கன்பட்டியில் இரண்டு மாடிக் கட்டடத்தில் பொம்மையும் நொறுக்குத்தீனியும் மொத்த வியாபாரம் செய்கிற ஜாபர் உசேன் நான். கொல்லிமலைக் கடைகளில் தொங்குகிற சிப்ஸ் பாக்கெட்டில் பாதி என் கடையிலிருந்து ஏறியது. ஆனாலும் அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. காரணம் கடைசியில் வரும்.

பாப்பாயி கொல்லிமலைமேல் இருக்கிற எடப்புளி நாட்டுக்காரி. ஐம்பது வயதைத் தாண்டியவள். மலைமேலேயே செம்மேட்டில் ஒரு டீக்கடையில் பத்து வருஷமாக வடை சுடுகிறாள். கடை முதலாளி அவளுக்குப் பயப்படுவார். அவளுடைய வடை பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். கண்ணாடிப் பெட்டி காலியாகத் தெரிந்தால் டூரிஸ்ட் வண்டிகள் நிற்காமல் போகின்றன என்று, காகிதத்தில் வடை செய்து பெட்டிக்குள் வைத்தாள். தாளில் வடையை முன்னும் பின்னும் வரைந்து, வண்ணம் தீட்டி, மேலே கண்ணாடி டேப் ஒட்டி, வெட்டி, ஓரத்தைச் சேர்த்து, உள்ளே இலவம்பஞ்சு திணித்தது. ஒரு லாரி டிரைவர் அதை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, வடை ஊசிப்போய்விட்டது என்று சண்டைக்கு நின்றாராம். அவர் கை எடுத்ததும் வடை மெதுவாக எழுந்து பழையபடி உட்கார்ந்தது. கடையே சிரித்தது. பக்கத்து மேசைக் குழந்தை அந்த வடைதான் வேண்டும் என்று அழுதது.

அப்படித்தான் ஆரம்பம். அமுக்கினால் எழும்புகிற இந்த மாதிரி பொம்மைக்குப் போன் வீடியோக்களில் ஸ்குவிஷி என்கிறார்கள். ரப்பரில் செய்தது என் கடையிலேயே உண்டு. ஆனால் இவள் செய்த இட்லியைப் பார்த்தால் சட்னி எங்கே என்று கேட்கத் தோன்றும். அன்னாசித் துண்டு, மலைவாழைப்பழம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பலாச்சுளை. சுளையின் அடியில் இருக்கிற அந்த வெளிர்மஞ்சளை எப்படிக் கொண்டுவந்தாளோ. நல்ல சரக்கு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானே ஆள் அனுப்பி அவளை வரவழைத்தேன். ஒரு மூட்டை கேட்டேன்.

ஒரு நிபந்தனை போட்டேன். அவள் ஒவ்வொரு பொம்மையிலும் ஊசியால் ஒரு ஓட்டை குத்தியிருந்தாள்.

"இதென்னம்மா ஓட்டை? ஓட்டை உள்ள சரக்கு எங்கடையில ஏறாது. அடைச்சுக் கொண்டா."

"காத்து போய்வர வழி வேணுமுங்க, பாய்."

"நாப்பது வருஷமா பொம்மை விக்கறவன் நானா, நீயா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. ஆனால் சரி என்று போனாள்.

இருபது நாள் கழித்து, காலை பஸ்ஸில் மூட்டையோடு இறங்கினாள். பஸ் நிறுத்தம் என் கடை வாசலில்தான். மூட்டையைப் பிரித்தேன். வடை சுருங்கியிருந்தது. இட்லியில் குழி. பலாச்சுளை நாலு நாள் வெயிலில் கிடந்ததுபோல ஒட்டிப்போயிருந்தது.

"பஞ்சுல பாதியக் கொறைச்சுப்போட்டுக் காத்தடைச்சு ஏமாத்தக் கொண்டாந்திருக்கறா! திருடி!" என்று கத்தினேன். என் குரல் சின்னக் குரல் இல்லை. திரும்ப மலையேற நின்றிருந்த பஸ்ஸின் எல்லா ஜன்னலிலும் தலை முளைத்தது.

பாப்பாயி அழவில்லை. ஒரு வடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தைத் தடவினாள். பிறகு மூட்டையைக் கட்டித் தோளில் போட்டாள்.

"செய்யறப்ப இதெல்லாம் கும்முனு இருந்துதுங்க. எங்கூட்டுல ஒட்டுனது, இங்க எறங்குனதும் சுருங்கிப்போச்சு. ஏறுங்க பாய், மேல போய்ப் பாக்கலாம். அங்கயும் இப்படியே இருந்தா இனி இந்தக் கடைவீதிப் பக்கமே நான் வரமாட்டேன், பொம்மையும் செய்யமாட்டேன். எழும்பிருச்சுன்னா, திருடின்னு சொன்ன வாயால இதே பஸ்ஸுல இல்லைன்னு சொல்லோணும்."

"சொல்றேன். எழும்பட்டும் பாக்கலாம்."

"டிக்கெட்டு நான் எடுக்கறனுங்க."

"எனக்கு டிக்கெட் எடுக்க ஆள் பொறக்கல" என்று ஏறினேன். கார் வாங்கிய பிறகு இருபது வருஷத்தில் நான் ஏறிய முதல் பஸ் அது. கண்டக்டர் அர்த்தனாரி சீட்டைத் துடைத்துவிட்டான். பாப்பாயி ஆளுக்கு ஒரு பொம்மையாக மடியில் கொடுத்துவிட்டு, சிறுத்துப்போன பலாச்சுளையை என் கையில் வைத்தாள்.

"இறுக்காதீங்க. சும்மா வெச்சிருங்க."

எழுபது கொண்டை ஊசி வளைவு. பத்தாவதில் ஒன்றுமில்லை. "என்ன பாப்பாயி, உம்பட வடை தூங்குதா?" என்றேன். பஸ் சிரித்தது. இருபதில் பின்சீட்டு அம்மா பையில் வாந்தி எடுத்தார். நாற்பதுக்கு மேல் எனக்குக் காது அடைத்தது. ஐம்பத்தைந்தாவது வளைவு இருக்கும், முன்சீட்டிலிருந்து ஒருவர் திரும்பினார்.

"ஏனுங்க, இட்லிக் குழியக் காணோம்."

என் உள்ளங்கையைப் பார்த்தேன். சுளை நிமிர்ந்திருந்தது.

மலையுச்சியில், சோளக்காடு நிறுத்தத்தில் பஸ் நின்றபோது எல்லார் மடியிலும் அடுப்பிலிருந்து இறக்கியதுபோலப் பலகாரம். எதிர்க்கடையில் என் சிப்ஸ் பாக்கெட்டுகள் வயிறு உப்பித் தொங்கின.

"அங்க பாருங்க" என்றாள் பாப்பாயி. "கீழ இருந்து நீங்க அனுப்பறது இங்க வந்தா உப்புது. இங்கிருந்து நான் அனுப்பறது அங்க வந்தா சுருங்குது. நாப்பது வருஷமா இதக்கூடப் பாக்கலீங்களா?"

பார்த்திருக்கிறேன். மலைக்கு மேலே போனால் பாக்கெட் உப்பும் என்று நானே எத்தனை கடைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய பொம்மையை அதோடு சேர்த்து நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

"சரக்கு நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"சரக்கப் பத்தி யாரு கேட்டா? சொல்லுங்க."

யாரும் இறங்கவில்லை. டிரைவர்கூட இன்ஜினை நிறுத்திவிட்டார். வியாபாரத்தில் சொன்ன சொல்லை மாற்றாதவன் நான். சொல்கிறேன் என்று சொன்னதும் சொல்தானே. எழுந்து நின்றேன்.

"பாப்பாயி திருடி இல்லை."

"இன்னொண்ணு இருக்குதுங்க. ஓட்டைய அடைக்கச் சொன்னது யாரு? அது இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. அதையும் சொல்லிப்போட்டு எறங்குங்க."

நான் சொல்லவில்லை. நான் ஒத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லுக்குத்தான். இறங்கி, டாக்ஸி பிடித்துக் கீழே வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் எனக்கு ஒரு வடைகூடத் தரவில்லை. ஓட்டை குத்தியே செய்கிறாள். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் எனக்குப் போட்டியாக இருக்கிற கடையில், கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய பலாச்சுளை கும்மென்று உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறை அர்த்தனாரியிடம் சொல்லி அனுப்பினேன். மூன்று முறையும் ஒரே பதில்: "பாய் அந்த இன்னொண்ணச் சொன்னாரா?"

தலைக்கனம் பிடித்தவள். அவள் மாதிரி ஒருத்தி என் கடையில் வேலைக்கு இருந்திருந்தால் இன்னொரு மாடி கட்டியிருப்பேன், அல்லது அவளை முதல் வாரமே துரத்தியிருப்பேன்.

சரி, சொல்கிறேன். ஓட்டையை அடைக்கச் சொன்னது நான்தான். அவள் வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு அவள் எனக்குச் சரக்கு அனுப்ப வேண்டாம், நானும் கேட்டு ஆள் அனுப்பமாட்டேன்.

மலர் அச்சாகி வந்ததும் ஒன்றை அர்த்தனாரியிடம் கொடுத்து, அதே காலை பஸ்ஸில், அவள் இருக்கிற நாளாகப் பார்த்து, சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். நான் ஏறமாட்டேன். முதல் வளைவு வருவதற்குள் வாசித்து முடித்துவிடு என்றும் சொல்லியிருக்கிறேன். போகப்போக எல்லோருக்கும் காது அடைத்துவிடும், பிறகு கேட்கவில்லை என்பாள்.