கறுக்காத பல்

துறைமுக வீதியில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வள்ளத்தின் விளிம்பில் விழுந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு முன்பல்லின் வேர் உடைந்திருந்தது. பிடுங்கத்தான் வேண்டும் என்றேன். தாய் அவளை அரசாங்கப் பல் டொக்டரிடம் கொண்டுபோனாள்.

அவர் ஒல்லியான பெண். சும்மா இருக்கும்போது கைகளை மடியில் வைத்திருப்பார். உடைந்த பல்லை மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு ஒட்டியதோடு சரி. ஒரு கூட்டத்தில் கண்டபோது கேட்டேன்.

"நரம்பை எடுக்கேல்லையோ?"

"அது உயிரோட இருக்குதுதானே டொக்டர். வேரும் இன்னும் முத்தேல்லை. பார்த்துக்கொண்டிருப்பம்."

சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஒருநாளும் ஏலாது. கம்பி கழற்றி ஒரு வருடமாகிறது. சிறுமி பள்ளிக்கூடம் போகையில், பல் வைத்தியனான நானே இனிப்பு டொபி கொடுத்துச் சிரிக்கவைக்கிறேன். நரம்பு செத்துப் பல் கறுத்துவிட்டதா என்று பார்க்கத்தான்.

நேற்றும் வெள்ளையாகவே இருந்தது.