ஒரே பெயருக்கு இரண்டு அர்ச்சனை

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம். எங்கள் கால்பந்து அணி, பன்னிரண்டு வருஷம் தனக்காக ஆடிய கேப்டனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று மூன்றே வரியில் அறிக்கை விட்டிருந்தது. முப்பத்தேழு வயதாகிவிட்டதாம். வேகம் குறைந்துவிட்டதாம். நன்றியாம்.

கிள்ளானில் எங்கள் ரசிகர் குழு கூடும், மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் அன்று சாயங்காலம் ஒரே ரகளை. குழுவில் பாதிப் பேர் பக்கத்து ஊரான மேருவில் என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள். கடை முதலாளியும் குழுவில் ஒருவர்தான். என்னோடு இருபது வருஷப் பழக்கம். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார்.

"விட்டுருங்கலா. மரியாதையோட போகட்டும். போன மேட்ச்ல அந்த விங்கர் மூணு தடவ இவர தாண்டிப் போனான், பாத்தீங்கதானே?"

"உங்க ரொட்டி மாஸ்டரயும் இப்படித்தான் அனுப்புவீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

ரொட்டி மாஸ்டர் பக்கத்திலேயே மாவு வீசிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"மாஸ்டருக்குக் கை வலிச்சா நான் உக்கார வைப்பேன்" என்றார் முதலாளி. "இன்னும் நூறு ரொட்டி போடுனு கைதட்ட மாட்டேன்."

தே தாரிக் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். யாருக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் பொருமினேன். ரசிகர்கள் ஒன்றாகத் திரண்டு கேட்டால் இன்னும் ஒரு வருஷம் தரலாம், கேப்டனும் சம்மதிக்க வேண்டும் என்று நிர்வாகத்திலிருந்து ஒருவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அது போதுமே எனக்கு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அச்சுக்கடையில் சொல்லி, முப்பது அடிக்கு பேனர் அடித்தேன். ‘இன்னும் ஒரு வருஷம், கேப்டன்!’ படத்தைப் பேஸ்புக்கிலும் போட்டேன்.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தத் திடலில் ஆட்டம் இருக்கும் நாளில், காலையிலேயே நான் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போய்க் கேப்டன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிடுவேன். ஒரு தைப்பூசத்தில் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு அவர் குடும்பத்தோடு வந்தபோது, அவர் மனைவியிடம் கேட்டு நட்சத்திரத்தைக் குறித்துக்கொண்டேன். திருவாதிரை. அன்றிலிருந்து ஒரு ஆட்டத்துக்கும் தவறியதில்லை.

சீசனின் கடைசி ஆட்டத்தன்றும் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் தட்டோடு நின்றிருந்தார். அர்ச்சகர் அவருடைய சீட்டை எடுத்துப் பெயரும் நட்சத்திரமும் சொன்னார். அடுத்து என் சீட்டை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பேரா இருக்கே. ஒரே வீடா நீங்க?"

அந்தப் பெண் திரும்பினார். கேப்டனின் மனைவி.

தீபாராதனை முடிந்து வெளியே வந்தோம். செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்.

"என்னன்னு வேண்டிக்கிட்டீங்கண்ணே?"

"இன்னும் ஒரு வருஷம் வேணும்னுதாம்மா."

"நான் வேணாம்னு வேண்டிக்கிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஒவ்வொரு மேட்சுக்கும் முட்டியில ஊசி போட்டுட்டுதான் எறங்குறாரு. வீட்டு மாடிப்படியில நேரா எறங்க முடியல, பின்பக்கமா எறங்குறாரு. இத்தோட நிறுத்துனா காலு பொழைக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கிளப் வேணாம்னு சொன்ன அன்னிக்கு அவரு அழுதாரு. நான் இங்க வந்து தேங்கா ஒடைச்சேன்."

நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்கள்லாம் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. அந்த பேனர மட்டும் தூக்காதீங்கண்ணே."

"சரிம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் சாயங்காலம் திடலுக்குப் போனதும் நண்பர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊரைக் கூட்டியதே நான்தான். சுருட்டிய பேனரைப் பிடித்தபடி இருபது பேர் வரிசையாக நின்றார்கள். நான் கையைத் தூக்கினால் விரிக்க வேண்டும் என்று ஏற்பாடு. சண்டை போட்ட கடை முதலாளியும் வந்து என் பக்கத்தில் நின்றார். நான்கு வரிசை கீழே கேப்டனின் மனைவி.

ஆட்டத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அவருடைய முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி விசில் ஊதியதும் எங்கள் குழுவின் உறுமி மேளம் முழங்கத் தொடங்கியது. எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். கீழே இருந்த அந்தப் பெண்ணும் திரும்பி என்னைப் பார்த்தார்.

கேப்டன் யாரையும் பார்க்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தனியாக உள்ளே நடந்தார். பன்னிரண்டு வருஷம் ஆடிய மனிதன் அப்படியா போக வேண்டும்?

கையைத் தூக்கிவிட்டேன்.

பேனர் விரிந்தது. திடலே எழுந்து கத்தியது. அவர் நின்றார், படித்தார், எங்களை நோக்கி ஓடி வந்தார். இடது கால் இழுத்தது. ஆட்டத்தின்போது அது இவ்வளவு வெளியே தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க" என்றார் கடை முதலாளி. கேப்டனின் மனைவி முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட்ட ஒரு வருஷம் கிடைத்தது. ஐந்தாவது ஆட்டத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது, அவர் தானாகவே மடங்கி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அதன்பிறகு அவர் ஆடவில்லை. கோயிலில் நடந்ததை இன்றுவரை குழுவில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

போன மாதம் பங்சாரில் ஒரு மாடி உணவகத்துக்குப் போயிருந்தேன். நான் ஏறும்போது மேலிருந்து ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். ஒரு படி கீழே நின்ற பெண் அவர் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. திரும்பி இறங்கிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது.

"அண்ணே!" என்று, என் படிக்கு இறங்கித் திரும்பிய கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "கிளப்பே வேணாம்னு சொன்னப்ப நீங்கதான் என்ன விட்டுக்குடுக்கல. அந்த பேனர் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எனக்குத் தரீங்களா? வீட்டுல மாட்டணும்."

அவர் மனைவி என்னைப் பார்த்தார். கோயிலில் என்னிடம் பேசியதை அவர் கணவரிடம் சொல்லவே இல்லை என்பது அந்தப் பார்வையில் புரிந்தது.

"குடுங்கண்ணே" என்றார். "அவரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காரு."