முடி வளரும்வரை

மாலத்தீவில் கணக்கு வாத்தியார் வேலை எனக்கு. விசாவைப் புதுப்பிப்பதற்காகச் சொந்த ஊரான கம்பத்துக்கு வந்து இரண்டு மாதமாகக் காத்துக் கிடந்தேன். அனுமதி கிடைத்துவிட்டது என்று பள்ளியிலிருந்து செய்தி வந்த அன்றே அம்மா என்னை வீரபாண்டி மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், விசாவுக்காக நேர்ந்துகொண்டபடி மொட்டை போட வைத்துவிட்டாள்.

மறுநாள் விசா ஆபீசிலிருந்து, விசாவில் ஒட்டப் புதுப் போட்டோ கேட்டார்கள். எடுத்து அனுப்பினேன். பாஸ்போர்ட்டில் இருக்கிற ஆள் மாதிரி இல்லை, முடி வளர்ந்தபிறகு அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து இதே மூஞ்சிதான் என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது? தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பக்கத்தில் வந்து, “கவலப்படாதய்யா. முடி வெரசா வளந்து விசா வந்துட்டா, ஒனக்கு மறுபடி மொட்டை போடுறதா ஆத்தாகிட்ட நேந்திருக்கேன்” என்றாள்.