பதிவில் இல்லாத விநாடிகள்

அக்கா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கணினித் திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்த மூலைக்குக் கீழே வைத்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தக் காட்சிதான் முதலில் வருகிறது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரையில் விநாடி எண் அசையாமல் நின்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடிகார முள் போய்க்கொண்டே இருந்தது. பிறகு திரையும் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கியது. "பாத்தியா தம்பி! நிக்கிது பாத்தியா!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. உண்மையைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நாங்கள் இருவருமே அப்போது நம்பினோம்.

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து அந்தக் கால் சென்டரை நடத்தினார்கள். செல்போன் நிறுவனம் ஒன்றுக்குத் தமிழில் வரும் புகார் அழைப்புகளை எடுத்துப் பேசும் வேலை. முகூர்த்த நாளில் கீழே மேளம் முழங்கும்போது, மாடியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசுவார்கள். நான் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். எல்லோரும் அக்கா என்று அழைத்த அவர் டீம் லீடர். ஆசிரியர் வேலைக்குப் படித்து, அது கிடைக்காமல் இங்கே வந்தவர். கணவர் வேலை பார்த்த நூற்பாலை மூடிவிட்டதால், வீடும் மகளின் படிப்பும் அக்காவின் சம்பளத்தில்தான் ஓடின.

அவருடைய அணியில் அய்யலூரிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஆட்டு வியாபாரி. அவளுக்குப் பொறுமை அதிகம். காது மந்தமான பெரியவர்கள் பேசினால் மற்றவர்கள் எதையாவது சொல்லி முடித்துவிடுவார்கள். இவள் மட்டும், "தாத்தா, பச்சைப் பட்டனை அமுக்குனீங்களா? இல்லையா? சரி, மெதுவா அமுக்குங்க, நான் இருக்கேன்" என்று எவ்வளவு நேரமானாலும் இருப்பாள். அழைத்தவர்கள் கடைசியில் அவள் ஊரை விசாரித்து வாழ்த்திவிட்டுத்தான் வைப்பார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த மாற்றம் வந்தது. திண்டுக்கல்லில் தீயோ வெள்ளமோ வந்தாலும் வேலை நிற்கக்கூடாது, சர்வர்களின் நகல் ஒன்று சென்னையில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று செல்போன் நிறுவனத்தார் ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்த்தார்கள். அதற்காக, தனித்தனியாக இருந்த சர்வர்களை எல்லாம் ஒரே பெரிய கணினிக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக மாற்றினோம். இருப்பது ஒரே பெட்டிதான். ஆனால் அதற்குள் ஓடும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நினைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொன்றின் நகலும் சென்னைக்குப் போகும். படம் எடுப்பவர் நம்மை அசையாமல் இருக்கச் சொல்வது போல, நகல் எடுக்கும்போது இயந்திரத்தைச் சற்று நிறுத்தித்தான் ஆக வேண்டும். சம்பளக் கணக்கு ஓடும் சர்வர் அப்படி நின்றால் யாருக்கும் தெரியாது. தொலைபேசி சர்வர் விஷயம் வேறு. பேசுகிற குரல் காத்திருக்காது.

எங்களுக்கு வாங்கிக் கொடுத்த கணினி வேகமில்லாதது. கண் இமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய நகலெடுப்பு பல விநாடிகள் இழுத்தது. அவ்வளவு நேரமும் அழைத்தவர் "ஹலோ, ஹலோ" என்று வெறும் காற்றிடம் பேசிக்கொண்டிருப்பார். எதிர்முனையில் பதில் இல்லை என்று தொலைபேசி இணைப்பு தானே அறுந்துவிடும். சர்வர் கண் விழித்துப் பார்த்து, 'நம் பக்கத்தில் துண்டிக்கப்பட்டது' என்று அந்த இருக்கையில் இருந்தவர் பேரில் எழுதிக்கொள்ளும். தான் நின்றிருந்தது அதற்குத் தெரியாது. அதனுள் ஓடும் கடிகாரமும் கூடவே நின்றிருக்கும். பிறகு சத்தமில்லாமல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். குரல் பதிவைப் போட்டுக் கேட்டாலும் இடைவெளி இருக்காது. அந்தப் பெண் பேசிக்கொண்டிருப்பாள், சட்டென்று அழைப்பு முடிந்துவிடும்.

சீக்கிரம் பேசி முடிப்பவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நீண்ட நேரம் பேசுகிறவர்கள்தான் சிக்கினார்கள். மாத அறிக்கையில் அழைப்பைத் துண்டித்தவர்களில் முதல் பெயராக அய்யலூர்ப் பெண்ணின் பெயர் வந்தது. அவள் தன் விரல்களையே பார்த்தபடி அழுதாள். "அவ வெட்டி விடுற பிள்ளை இல்ல தம்பி. வேற என்னமோ இருக்கு, பாரு" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சர்வரின் நேரம் ஓடும் திரைக்கு அருகே அக்கா தன் கடிகாரத்தை வைத்துப் பார்த்தது.

மேலாளர் நல்லவர். நாங்கள் காட்டியதும் அவருக்குப் புரிந்தது. தொலைபேசி சர்வரை மட்டும் பழையபடி தனிக் கணினியில் வைக்க வேண்டும் என்று சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். இயந்திரம் நின்றதாகப் பதிவில் எந்தச் சான்றும் இல்லை, நகல் எடுப்பது ஒப்பந்தத்தின் நிபந்தனை என்று பதில் வந்தது.

"நின்ன மிஷின்கிட்டயே போயி நின்னியான்னு கேட்டா அது என்ன சார் சொல்லும்?" என்றார் அக்கா.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அவங்க ரிப்போர்ட்டைத்தானே பாப்பாங்க" என்றார் மேலாளர்.

நகல் எடுக்கும் இடைவெளியை ஒப்பந்தம் அனுமதித்த அளவுக்குக் கூட்டிப் பார்த்தேன். அதற்குள் நகலெடுக்க வேண்டியது அதிகமாகச் சேர்ந்து, ஒவ்வொரு நிறுத்தமும் இன்னும் நீண்டது. பழையபடியே வைத்துவிட்டேன். அந்த மாதமே அய்யலூர்ப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அய்யலூர் போனார். சந்தை நாள். ஆடுகளின் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண்ணின் அப்பாவிடம், அவள் மேல் தப்பில்லை என்று எடுத்துச் சொன்னார். அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "மிஷின் தப்புன்னா மிஷினைத்தானம்மா வெளிய அனுப்பணும்? எம் பிள்ளைய ஏன் அனுப்புனாங்க?" 

அடுத்த நாளிலிருந்து அக்கா ஒரு காரியம் செய்தார். "நீளமாப் போற கால்னு தெரிஞ்சா எனக்கு மாத்தி விட்டுருங்கடி" என்று அணியிலிருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டார். முதியவர்கள், கோபக்காரர்கள், அழுகிறவர்கள் எல்லோரும் அவர் காதுக்கே வந்தார்கள். அறுந்துபோன அழைப்புகளும் அவர் பேரிலேயே சேர்ந்தன. "உங்க பேரு கெட்டுப்போகும்க்கா" என்றேன். "வேற எந்தப் பிள்ளை பேரு கெடணும்னு சொல்றே?" என்று கேட்டார்.  இரண்டாவது மாத அறிக்கை வந்ததும் அவரையும் நிறுத்தினார்கள். அவர் போன பிறகு, அந்த அழைப்புகள் பழையபடி பிள்ளைகளின் பேரில் விழத் தொடங்கின. சில மாதங்களில் செல்போன் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனது. மாடி மறுபடியும் கல்யாண வீட்டாருக்குப் பந்தி பரிமாறும் இடமாயிற்று. அவ்வளவு பாடுபட்டு அனுப்பிய நகலைச் சென்னையில் யாரும் ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

அக்கா மதுரையில் பல இடங்களில் வேலைக்குப் போய்ப் பார்த்தார். நன்றாகப் பேசுகிறார் என்று எல்லோரும் சொல்வார்கள்; பழைய இடத்தில் விசாரித்த பிறகு கூப்பிட மாட்டார்கள். மகளைக் கல்லூரிக்கு அனுப்ப முடியவில்லை. பல வருடங்கள் கழித்து, திண்டுக்கல்லில் ஒரு மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போதெல்லாம் நகல் எடுக்கும்போது இயந்திரம் நிற்பதே தெரியாது என்று ஏனோ அவரிடம் சொன்னேன். "நல்லது தம்பி" என்றார். பிறகு, "அய்யலூர்ப் பிள்ளை கீரனூர்ல வாக்கப்பட்டிருக்கா. அவகிட்ட நீ ஒருவாட்டி சொல்லு. நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சுக்கிறா" என்றார்.

போனேன். தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. அவள் காபி கொடுத்துவிட்டு, கதவோரம் நின்று நான் சொன்னது முழுவதையும் கேட்டாள். நகல் எடுப்பது, சர்வர் நின்றது, அதன் கடிகாரமும் சேர்ந்து நின்றது எல்லாவற்றையும் விளக்கினேன். புகுந்த ஊரின் பேச்சு அவள் நாக்கில் ஏறியிருந்தது.

"சரிங்கண்ணா" என்றாள். பிறகு, தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனாலும் நான்தான் எங்கயாச்சும் தெரியாம கட் பட்டனை அமுக்கியிருப்பேனுங்க."