ஃபுல்லா விழும் என்றார் தலைவர்

எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தின் தலைவர் பொய் சொன்னார். தெரிந்தே சொன்னார். அந்தப் பொய்யை நம்பி என் லென்ஸைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தேன். அவருக்குப் பாராட்டு விழா எடுக்கப் போகிறார்களாம். "தலைவரோடு உங்களுக்கு இருக்கும் நினைவுகளை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, மலர்ல போடறோம்" என்று என்னிடமும் கேட்டார்கள். நினைவுகள் நிறைய இருக்கின்றன. மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த லென்ஸ் கறுப்பு, கனமானது. உடம்பு முழுக்க இரும்பு. கேமராவில் மாட்டும்போது ஒரு புள்ளிக்கு நேராக இன்னொரு புள்ளியை வைத்துத் திருக வேண்டும். லென்ஸில் இருந்த வெள்ளைப் புள்ளி கொஞ்ச நாளில் அழிந்துபோனதால், என் நகப்பூச்சில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். குச்சி நழுவியதில் அது கொஞ்சம் வால் நீண்டு அரிசி மணி போல ஆகிவிட்டது. ஆயிரம் லென்ஸுக்கு நடுவில் வைத்தாலும் அந்தப் பொட்டை எனக்கு அடையாளம் தெரியும்.

தொண்ணூறுகளில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. கல்யாணத்துக்கு வீடியோ எடுப்பது கட்டாயம் என்று ஆன காலம். என் வீட்டுக்காரர் தோளில் வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டார், போட்டோ கேமரா என் கைக்கு வந்தது. சீக்கிரமே எனக்கென்று ஒரு வேலை அமைந்தது. பெண்கள் பக்கம். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கடைத்தெரு பாய் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் மட்டும் இருக்கும் அறை. ஆண் போட்டோகிராபர் அங்கே நுழைய முடியாது. சுற்று வட்டாரத்தில் கேமரா பிடித்த பெண் நான் ஒருத்திதான்.

அந்த அறைகள் சின்னவை. பத்துக்குப் பத்து அறையில் முப்பது பெண்கள் பாய் விரித்துச் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்கள். சாதாரண லென்ஸில் நடுவில் இருக்கும் ஆறு பேர்தான் படத்தில் விழுவார்கள், மற்றவர்கள் வெட்டுப்பட்டுப் போய்விடுவார்கள். பின்னால் நகரலாம் என்றால் முதுகில் பீரோ இடிக்கும். அதற்காகத்தான் மெட்ராஸ் போய் அகல லென்ஸ் வாங்கி வந்தேன். "டி.வி. மாத்தலாம்னு இருந்தேன், நீ இன்னாடான்னா ஒரு துண்டு கண்ணாடி வாங்கினு வந்துகீறே" என்று வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு படத்தைக் கழுவி எடுத்து வந்து காட்டினேன். அறையில் இருந்த அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அதற்கப்புறம் அவர் டி.வி. பேச்சை எடுக்கவில்லை.

ஓரத்தில் உட்காருகிறவர்கள் யார் என்று பெண்களுக்குத் தெரியும். தாலி இல்லாதவள், வசதி இல்லாத சொந்தக்காரி, விடிந்ததிலிருந்து அடுப்பில் நின்றுவிட்டுக் கடைசியாகக் கை துடைத்துக்கொண்டு வந்தவள். நடுவில் வா என்றால் வரமாட்டார்கள். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த பாயின் மனைவியை நான் பாபி என்று கூப்பிடுவேன். அவர் மூத்த மகள் நிக்காஹ் அன்று என் காதில் வந்து, "மூலையில குந்திகினு கீறாங்களே, எங்க நாத்தனாரு. அவங்கள வுட்டுடாதே. போட்டோவுல இல்லேன்னா, கல்யாணத்துக்கே வரலன்னு நாளைக்குப் பேசுவாங்க" என்றார். விடவில்லை. என் லென்ஸ் ஓரத்தை விடாது. அதற்காகத்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

தலைவரைப் பற்றி ஒரு நல்லதும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் அவர் மாதிரி ஆகிவிடுவேன். சங்கத்தில் பொம்பளைக்கு எதற்கு உறுப்பினர் அட்டை என்று சிலர் முனகியபோது, "கேமரா புடிக்கிற கை ஆம்பளக் கையா பொம்பளக் கையான்னு பிலிமுக்குத் தெரியுமாய்யா?" என்று அதட்டி அட்டை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் நம்பினேன். வேறு எவன் சொல்லியிருந்தாலும் என் லென்ஸைக் கொடுத்திருக்கமாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு டிஜிட்டல் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், லேப்பில் பிலிம் கழுவுவதையே நிறுத்தியபின் நானும் மாறினேன். பிலிம் இருந்த இடத்தில் இப்போது சென்சார் என்று ஒரு சில்லு. எங்களுக்குக் கட்டுப்படியாகும் கேமராக்களில் அது பிலிமைவிடச் சின்னதாக இருந்தது. லென்ஸ் முழு அறையையும் உள்ளே அனுப்பும். சில்லு நடுவில் விழுவதை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஓரம் வெளியே சிந்திப்போகும். முதல் முறை அந்தக் கேமராவில் என் அகல லென்ஸை மாட்டிப் பார்த்தபோது, யாரோ என் கண்ணுக்கு இரண்டு பக்கமும் அட்டை கட்டிவிட்டது போல இருந்தது. தலைவரிடம் போய்ச் சொன்னேன். "ஓரம் போனா இன்னாம்மா? நடுவுல பொண்ணு கீதே" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு அவரே ஒரு வழி கொண்டுவந்தார். கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம், கூடவே லென்ஸ் மாற்று மேளா. பழைய பிலிம் லென்ஸைக் கொடுத்துவிட்டு, சின்ன சென்சாருக்கென்றே செய்த புது அகல லென்ஸை வாங்கிக்கொள்ளலாம். தாமலிலிருந்தும் கூரத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். புது லென்ஸ் கைக்கு லேசாக இருந்தது. மாட்டிப் பார்த்தேன், ஓரமெல்லாம் திரும்ப வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்கம் திருப்பிப் பார்த்தபோது, அந்தக் கண்ணாடி என் லென்ஸின் கண்ணாடியைவிடச் சின்னதாக இருந்தது. எழுந்து நின்று கேட்டேன்.

"தலைவரே, இப்ப சென்சார் சின்னதா கீது. நாளைக்கே பிலிம் சைஸுக்குப் பெருசா வந்துச்சின்னா இந்த லென்ஸ் இன்னா ஆவறது?"

மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தாம்மா, புள்ளைக்குச் சட்டை எடுக்கறப்ப, அவன் நாளைக்கு மாப்பிள்ளை ஆவான்னு கோட்டு சூட்டா எடுப்பே?"

மண்டபமே சிரித்தது. தாமல்காரர் ஒருவர் மட்டும் கடைசி வரிசையிலிருந்து, "எங்க வூட்ல பள்ளிக்கூடச் சட்டையே ரெண்டு சைஸ் பெருசாத்தான் தலைவரே எடுப்போம். புள்ள வளருதுல்ல?" என்றார். இப்போது சிரிப்பு தலைவர் பக்கம் திரும்பியது. அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது ஃபுல் லென்ஸும்மா. எந்தக் கேமராவுல போட்டாலும் ஃபுல்லா விழும். நான் சொல்றேன், போதுமா?"

போதும் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் வரிசையில் நின்று என் லென்ஸை மேஜைமேல் வைத்தேன். கொடுத்ததெல்லாம் மெட்ராஸ் பார்ட்டிக்குப் போகிறது என்றார்கள். மேஜை நிறையப் பழைய லென்ஸ்கள். என் சிவப்புப் பொட்டு மேலே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன்.

சில வருடங்கள் புது லென்ஸ் நன்றாகத்தான் வேலை செய்தது, அதை இல்லை என்று சொல்லவில்லை. பிறகு பிலிம் அளவுக்கே பெரிய சென்சார் வைத்த கேமரா, ஃபுல் ஃப்ரேம் என்ற பேரில், எங்கள் ஊருக்கும் வந்தது. முதலில் வாங்கியவர் தலைவர். 'ஃபுல் ஃப்ரேமில் உங்கள் திருமணம்' என்று காஞ்சிபுரம் வரைக்கும் பேனர் கட்டினார். ட்யூப்லைட் வெளிச்சத்தில்கூடப் புள்ளி புள்ளியாக உடையாமல் படம் வந்தது, ஆல்பத்தில் கதவு அகலத்துக்குப் போடலாம். என் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக "அக்கா, உன்கிட்ட ஃபுல் ஃப்ரேம் கீதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இருந்ததையெல்லாம் புரட்டி, ஒருத்தர் பயன்படுத்திய பெரிய சென்சார் கேமராவை வாங்கினேன். லென்ஸ்தான் இருக்கிறதே, ஃபுல்லா விழும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே.

மேளாவில் வாங்கிய லென்ஸை அதில் மாட்டி, ஸ்டூடியோவின் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், சுற்றிலும் கறுப்பு. கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தது மாதிரி. அந்த லென்ஸ் சின்னச் சில்லுக்கு வேண்டிய அளவுக்குத்தான் வெளிச்சத்தை உள்ளே விடும், அதற்குமேல் அதனால் ஆகாது. சுற்றியிருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் ஓரத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதற்குள்தான் இருந்தார்கள்.

கேமராவை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவரைத் தேடிப் போனேன். டீக்கடையில் சங்க ஆட்கள் நாலு பேரோடு நின்றிருந்தார். படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், பதறவில்லை.

"ஃபுல்லா விழும்னீங்களே தலைவரே."

"ஆமா, ஃபுல்லுதான். நம்ம ஸ்டூடியோவுல ஃபுல்லுன்னா இன்னா? நின்ன போட்டோ. தலையிலர்ந்து கால் வரைக்கும். ஆஃபுன்னா மார்பு வரைக்கும். அந்த ஃபுல்லத்தான் நான் சொன்னேன். நீ இங்கிலீஷ் ஃபுல்ல நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது?"

நாலு பேரும் டீயைத் துப்பிச் சிரித்தார்கள். சிரிப்பு வரும்தான். எங்கள் தொழிலில் ஃபுல்லா ஆஃபா என்று கேட்டால் அதுதான் அர்த்தம். காலேஜ் அப்ளிகேஷனுக்கு ஆஃப், பெண் பார்க்க அனுப்புவதற்கு ஃபுல். ஆனால் நான் கூட்டத்தில் கேட்டது பெரிய சென்சார் வந்தால் என்ன ஆகும் என்று. பெண் பார்க்கும் போட்டோவைப் பற்றி யார் கேட்டார்கள்? "கறுப்ப வெட்டிட்டு நடுவ மட்டும் வெச்சிக்கம்மா, யாரு கேக்கறாங்க?" என்றும் ஒரு யோசனை சொன்னார். நடுவை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ள எனக்குப் பெரிய சென்சார் எதற்கு? புதிதாக ஒரு அகல லென்ஸ் வாங்க வழியில்லை. பெரிய கேமரா பீரோவில் போய் உட்கார்ந்தது, நான் சின்ன சென்சார் கேமராவையே தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

அதற்கடுத்த வருடம் பாபியின் சின்ன மகளுக்கு நிக்காஹ். எனக்கு அழைப்பு வந்தது, வேலை வரவில்லை. விருந்தாளியாகப் போனேன். பாபி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சிக்காதே. மாப்ளை வூட்ல புடிவாதம் புடிச்சிட்டாங்க. ஃபுல் ஃப்ரேம்தான் வோணுமாம். பொண்ணுங்க பக்கத்துக்குப் பொண்ணையே அனுப்பறேன்னு தலைவரும் சொல்லிட்டாரு." அதே அறைதான். என் முதுகு இடித்த அதே பீரோவில் சாய்ந்துகொண்டு, தலைவரின் ஸ்டூடியோவிலிருந்து வந்த பெண் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண், வேலை தெரிந்தவள், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பாட்டரி மாற்றுவதற்காகக் கேமராவைத் தாழ்த்தினாள். கறுப்பு லென்ஸில் சிவப்பாக, வால் நீண்ட அரிசி மணி.

"இந்த லென்ஸ் எங்கம்மா வாங்கனது?"

"சாரோடதுக்கா. பழசுதான், ஆனா சூப்பரா வுழுது. இந்த மாதிரி ஒரு பீரோ நெறைய வெச்சிருக்காரு. ஒண்ணுகூட யாருக்கும் குடுக்க மாட்டாரு."

மெட்ராஸ் பார்ட்டி என்று யாரும் இருக்கவில்லை. பிலிம் அளவுக்கு வெளிச்சம் விடும் லென்ஸுக்கு மறுபடியும் காலம் வரும் என்று அந்த மேளா அன்றே அவருக்குத் தெரியும். பிள்ளைக்குக் கோட்டு சூட்டா என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு, பெரிய சைஸ் சட்டையையெல்லாம் தன் பீரோவில் மடித்து வைத்துக்கொண்டார். "எல்லாரும் இப்டிப் பாருங்க" என்று அந்தப் பெண் சொன்னாள். "அக்கா, நீங்க அங்கியே ஓரமா குந்துங்க, இந்த லென்ஸ்ல விழுவீங்க." உட்கார்ந்தேன். விழுந்தும் இருப்பேன். பாபி வீட்டு ஆல்பத்தில், என் லென்ஸ் எடுத்த படத்தில், ஓரத்தில் நான் இருக்கிறேன். அதோடு பெண்கள் பக்கத்து வேலை என் கையைவிட்டுப் போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் ஸ்டூடியோவை மூடினோம். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி பொறுப்புக்கு வரக்கூடாது என்று சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் எத்தனையோ ஜோடிகளை நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். தலைவரும் எடுத்திருக்கிறார். இப்போது அவருக்குப் பொன்னாடை போடப் போகிறார்கள். போடுங்கள். நானும் வருகிறேன், முன்வரிசையில் உட்காருகிறேன்.

தலைவரே, பொன்னாடையை வாங்குவதற்கு முன்னால் அந்தப் பீரோவைத் திறந்து, சிவப்புப் பொட்டு வைத்த லென்ஸை எடுத்து வாருங்கள். அன்றைக்கு நான் வைத்த மாதிரியே மேஜைமேல் வையுங்கள். பொட்டு மேலே தெரியட்டும். பிறகு அதே மைக்கைப் பிடித்து, அன்று சிரித்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள்: ஃபுல்லா விழும் என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்களே, எந்த ஃபுல்?